ஸ்கேன் செய்த பிடிஎஃப் பேசாது

உங்கள் நூலகத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியாயிற்று, கணினியில் என்விடிஏ (திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்) போட்டாயிற்று, ஆனாலும் பார்வையற்ற வாசகர் ஒருவர் "ஒன்றும் படிக்க முடியவில்லை" என்று திரும்பிப் போனார் என எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் மென்பொருள் மேல் இல்லை, உங்கள் மின்னூல்கள் மேல்தான். ஒரு கோப்பைத் திறந்து ஏதாவது ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள். எழுத்தாக வரவில்லையென்றால் அது வெறும் படம்; திரைவாசிப்பான் வாயே திறக்காது.

அப்படியிருந்தால் ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்தில் உள்ள எழுத்தை மென்பொருளால் கணினி எழுத்தாக மாற்ற வேண்டும். அதற்கான டெசராக்ட் மென்பொருள் இலவசம், அதற்குத் தமிழும் தெரியும். ஆனால் பிழை திருத்த ஆள் வேண்டும், அதுதான் உண்மையான வேலை. திருத்திய பிறகு, அத்தியாயத் தலைப்புகளை முறையாகக் குறித்து இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாக மாற்றினால் வாசகர் வேண்டிய இடத்துக்குத் தாவலாம்.

பதிப்புரிமை பற்றிப் பயந்திருக்கிறீர்கள். 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை இதற்காகவே வந்தது. அதில் சேர்ந்த நாடுகளில், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக நூலகங்கள் உரிமையாளரிடம் தனி அனுமதி கேட்காமல் இப்படிப் பிரதி எடுக்கச் சட்டம் வழிவிட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தின் நிபந்தனைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையை மட்டும் வைத்து உங்கள் நூற்பட்டியலில் ஒரு புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் அவரும் சிக்கியிருப்பார்.

சாய்தளம் 1:12-ஐ விட (ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்) செங்குத்தாக இல்லையே? அதன் வாசலில் யாரும் வண்டி நிறுத்துவதில்லையே?

எல்லாம் முடிந்ததும் அதே வாசகரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள்.