மதியம் மட்டும் சிக்னல் போகிறதா? மோடத்தைப் பிரிக்காதீர்கள்

காலையில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் பிடிக்கும் நீரடி மோடம் (நீருக்குள் ஒலி வழியாகத் தகவல் அனுப்பும் கருவி), மதியம் பாதித் தூரத்திலேயே அறுந்துபோகிறது, பேட்டரி மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள். எனக்கு வெயில் மேல்தான் சந்தேகம்.

காற்றில்லாத நாளில் மேலே உள்ள சில மீட்டர் நீர் மட்டும் சூடேறும். 28 டிகிரி வாக்கில் ஒரு டிகிரி கூடினாலே ஒலி வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல் கூடும். அற்பம்தான். ஆனால் ஒலியானது, தன் வேகம் குறைந்த பக்கமாக, அதாவது கீழ்நோக்கி, வளைய அது போதும். இரண்டு மீட்டர் ஆழத்தில் தொங்கும் உங்கள் ரிசீவருக்கு அடியில் எல்லாம் நழுவிப்போய்விடும்.

1930களில் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் சோனாரும் (ஒலியால் நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி) இப்படித்தான் மதியத்தில் கைவிட்டது. சாப்பிட்டுவிட்டு ஆட்கள் அசந்துவிடுகிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம்!

கயிற்றில் தெர்மாமீட்டர் சென்சார் கட்டி, மதியம் மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலை எடுங்கள். மேலே சூடு தெரிந்தால் அனுப்பும் முனை, பெறும் முனை இரண்டையும் அந்த அடுக்குக்குக் கீழே இறக்குங்கள். மேலும் கீழும் ஒரே சூடு என்றால் வேறு கதை: மதியக் கடல்காற்றில் அலை உடைந்து, குமிழிகள் ஒலியைத் தின்கின்றன. அதற்கும் ஆழமாக இறக்குவதே வழி. சிக்னல் அறுந்த அன்று காற்று எப்படி இருந்தது?