பட்ஜெட் டிவி வாங்கலாமா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

டிவி சர்வீஸ் வேலையில் இருப்பவன் என்பதால் இந்த வாரம் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். கம்பெனியை வைத்து "இதை வாங்கு, அதை வாங்காதே" என்று சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து முடிவு எடுப்பது என்று சொல்கிறேன்.

அண்ணே, 43 இன்ச் 4கே டிவி ஆன்லைன்ல 17,500க்கு வருது. அதிகம் கேள்விப்படாத கம்பெனி. பெரிய கம்பெனியில அதே சைஸ் 29,000. மலிவானதை வாங்கினா ஏமாந்துடுவேனா? (தேனி)

தம்பி, முதலில் "சீனா பேனல்" என்கிற பயத்தை விடுங்கள். இன்று எல்சிடி பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பகுதி, பெரும்பாலும் பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி போன்ற சீன ஆலைகளிலிருந்துதான் வருகிறது. சாம்சங்கின் டிஸ்ப்ளே நிறுவனமே 2022-ல் எல்சிடி பேனல் செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் 29,000 ரூபாய் டிவியிலும் 17,500 ரூபாய் டிவியிலும் ஒரே ஆலையின் பேனல் இருக்க வாய்ப்பு உண்டு.

பழைய வெளிநாட்டுப் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். கோடாக், தாம்சன், ப்ளாபங்க்ட் என்ற பெயர்களில் இங்கே விற்ற டிவிகளை உரிமம் வாங்கித் தயாரித்தது நொய்டாவின் சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ். தோஷிபா டிவி வியாபாரம் ஹைசென்ஸ் கைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பெயருக்கு இருந்த பழைய மரியாதையை டிவியின் தரம் என்று நினைத்துவிடக் கூடாது.

காசு குறைவது பேனலுக்குப் பின்னால்தான். திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் எல்இடி விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அதிகமாக எரிய விடுவார்கள். பவர் சப்ளையில் சாதாரண கெப்பாசிட்டர் போடுவார்கள். ரேம் குறைவாக இருக்கும். எல்லாவற்றையும் விட, பழுதானால் வந்து பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி உங்கள் பின்கோடைச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து டெக்னீஷியன் வருவார், இந்த மாடலுக்கு மெயின் போர்டும் பேக்லைட் ஸ்ட்ரிப்பும் (எல்இடி பதித்த பட்டை) வாரண்டி முடிந்த பிறகும் கிடைக்குமா என்று கேளுங்கள். மதுரையிலிருந்து வருவார் என்று தெளிவாகச் சொன்னால் தாராளமாக வாங்கலாம், 17,500க்கு நல்ல பேரம்தான். மழுப்பினால் 12,000க்கு வந்தாலும் வேண்டாம்.

புது 4கே டிவில அரசு கேபிள் படம் கலங்கலா தெரியுது. பழைய குண்டு டிவியே பளிச்சுனு இருந்துச்சு. டிவி கோளாறா சார்? (அறந்தாங்கி)

டிவியில் கோளாறு இல்லை. உங்களிடம் இருப்பது எஸ்டி, அதாவது எச்டிக்கு முந்தைய பழைய தரப் பாக்ஸாக இருக்கும். அதிலிருந்து வரும் படம் 720-க்கு 576 புள்ளிகள், சுமார் 4 லட்சம். உங்கள் திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். பாக்ஸ் தரும் ஒரு புள்ளியை டிவி இருபது புள்ளிகளுக்குப் பரப்ப வேண்டியிருக்கிறது. பழைய டிவியின் திரை சிறிது, அதனால் இந்தக் குறை கண்ணில் படவில்லை. பெரிய கம்பெனி டிவியில் பிராசசர் கொஞ்சம் நன்றாகச் சமாளிக்கும், மலிவான டிவியில் அப்பட்டமாகத் தெரியும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்திருந்தால், பாக்ஸில் எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும் இணைப்பு) இருக்கிறதா என்று பார்த்து அதற்கு மாற்றுங்கள். டிவி செட்டிங்கில் ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள், ஏற்றினால் எழுத்து ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். உங்கள் ஆபரேட்டரிடம் எச்டி பாக்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். டிவிக்குக் கொடுத்த பணத்துக்குப் பலன் தெரிவது அதில்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். வீட்டில் எஸ்டி கேபிள் மட்டும்தான், யூடியூப் கூடப் பார்ப்பதில்லை என்றால் 4கே-க்குக் காசு கொடுக்காதீர்கள். 32 இன்ச் போதும்.

மூணு வருஷ டிவி. சத்தம் வருது, படம் இல்ல. ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? (ஆம்பூர்)

அறையை இருட்டாக்கி, டிவியை ஓட விட்டு, டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். படம் மங்கலாக ஆடுவது தெரிந்தால் பேனலும் போர்டும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, பேக்லைட்தான் போயிருக்கிறது. மலிவான டிவிகளில் நான் அதிகம் பார்க்கும் பழுது இதுதான். மாற்றும் செலவு புது டிவி விலையில் ஒரு சிறு பங்கு, தாராளமாகச் செய்யலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். எரிந்துபோன ஒரு எல்இடியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றவையும் அதே அளவு உழைத்தவை, அடுத்தடுத்துப் போகும். எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். பேனலைக் கழற்றித்தான் இந்த வேலை நடக்கும். கை தவறினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், அதனால் பழகிய கடையில் கொடுங்கள்.

மாற்றிய பிறகு செட்டிங்கில் பேக்லைட்டை 50, 60-க்கு மேல் வைக்காதீர்கள். புது டிவி வாங்கியவர்களும் இதை இன்றே செய்யுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பல டிவிகள் 100-இல் இருக்கும். ஷோரூம் வெளிச்சத்துக்கு அது சரி, நம் வீட்டு ஹாலுக்குத் தேவையே இல்லை. அந்தச் சூடுதான் எல்இடியின் ஆயுளைக் குறைக்கிறது.

திரையில் நெடுக்காகவோ குறுக்காகவோ கோடு விழுந்திருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் பேனல் பழுது. பேனல் விலை கிட்டத்தட்ட டிவி விலைக்கே வந்துவிடும், அதில் பணம் போடாதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல "சாம்சங் பேனல், ஏ கிரேடு"ன்னு சொல்லி பேர் இல்லாத 32 இன்ச் டிவி 6,500க்குத் தர்றாங்க. எடுக்கலாமா? (சென்னை)

பேனலின் கிரேடை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. ஜிஎஸ்டி பில்லும், அதில் வாரண்டி பற்றி எழுத்தும் தருவார்களா? தந்தால், கடைக்கோ சிசிடிவிக்கோ எடுக்கலாம். அதில் இருக்கும், பல டிவிகளுக்கும் பொருந்தும் யுனிவர்சல் போர்டு எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார், அது நல்ல விஷயம். வீட்டின் முக்கிய டிவியாக வேண்டாம்.

எச்டிஆர், க்யூஎல்இடி எல்லாம் 20,000 ரூபாய் டிவியிலேயே போட்டிருக்கே?

எச்டிஆர் என்பது வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் படத் தரம். டிவியில் அப்படிப் போட்டிருந்தால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எச்டிஆர் படத்தை அழகாகக் காட்டப் பல நூறு நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். இந்த விலையில் 250 நிட்ஸ் பக்கம்தான் இருக்கும். க்யூஎல்இடி என்பதும் எல்சிடிதான், நிறத்துக்காகக் கூடுதலாக குவாண்டம் டாட் படலம் வைத்திருப்பார்கள். நிறம் நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விலை குறைந்த ஸ்மார்ட் டிவியில் நெட்ஃபிளிக்ஸ் வரவில்லை. கடைக்காரர் ஆண்ட்ராய்டு என்றுதான் சொன்னார். (கோவை)

ஆண்ட்ராய்டு என்று சொல்வதும், கூகுளின் அங்கீகாரம் பெற்ற கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி என்பதும் ஒன்றல்ல. சில மலிவு செட்டுகளில் போனுக்கான, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறந்த மூல ஆண்ட்ராய்டை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அதில் நெட்ஃபிளிக்ஸ் வராது, வந்தாலும் எச்டியில் ஓடாது. டிவியை மாற்ற வேண்டாம். எச்டிஎம்ஐயில், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றை ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகுங்கள். 1 ஜிபி ரேமோடு திணறும் டிவிக்கும் இதே வைத்தியம். என்னைக் கேட்டால் டிவிக்குள் இருக்கும் ஸ்மார்ட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்கவே வேண்டாம், டிவியில் முதலில் மூப்படைவது அதுதான்.

ஸ்டெபிலைசர் அவசியமா? எங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகைல இடி ஜாஸ்தி. (சீர்காழி)

டிவியின் பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் சாதாரண ஏற்ற இறக்கத்தை அதுவே தாங்கும். தாங்காதது இரண்டு. ஒன்று, நியூட்ரல் ஒயர் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறுவது. உங்கள் தெருவில் இது நடப்பதுண்டு என்றால் வோல்ட் எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் ஹை கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள். இன்னொன்று இடி. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டிஷ் ஒயரை விட்டுவிடுகிறார்கள். மின்னல் அந்த ஒயர் வழியாக பாக்ஸுக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவி போர்டுக்குப் போகும். மழைக்காலம் முழுக்க எங்கள் மேசைக்கு வரும் போர்டுகளில் எரிந்திருப்பது பெரும்பாலும் அந்த எச்டிஎம்ஐ பக்கம்தான். பிளக், டிஷ் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள்.

ஜிஎஸ்டி குறைஞ்சதால 32க்குப் பதிலா 43 எடுக்கலாமா? ஹால் பத்தடி. (சேலம்)

எடுக்கலாம். 32 இன்ச் வரைக்கும் 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான். அதற்கு மேல் இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. சோபாவுக்கும் சுவருக்கும் எட்டடி இருந்தால் 43 சரியான அளவு. கரண்ட் பில் பயம் வேண்டாம். 80 வாட் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் பக்கம் வரும்.

அம்மாவுக்கு வசனம் புரியல, சவுண்ட் வைச்சா அதிருது. (நாகர்கோவில்)

ஸ்பீக்கர் கீழே பார்த்து இருப்பதால் வரும் குறை அது. சவுண்ட் மோடில் "நியூஸ்" அல்லது "ஸ்பீச்" இருந்தால் வையுங்கள். போதாவிட்டால் சின்ன சவுண்ட்பார் ஒன்று வாங்கி டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் கொடுங்கள். விலை அதிகமான டிவிக்கு மாறுவதை விட அதில் அம்மாவுக்குப் பயன் அதிகம்.

ஆன்லைன்ல வாங்கிட்டேன், நாளைக்கு வருது. என்ன பார்க்கணும்? (ஓசூர்)

பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் அங்கேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதையும் விடாமல் எடுங்கள், ஏனென்றால் உடைந்த திரைக்கு வாரண்டி கிடையாது. மாட்டியதும் யூடியூபில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு முழுத்திரை வீடியோ ஒன்றை ஓட்டி, வண்ணங்களில் செத்த புள்ளியும் கறுப்பில் ஓர வெளிச்சமும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டிலும் பாக்ஸை ஒருமுறை சொருகிப் பாருங்கள். குறை தெரிந்தால் மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன்பே அவர் படிவத்தில் எழுத வையுங்கள். திருப்பி எடுக்கும் காலம் முடியும்வரை பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.