எண்பதைத் தாண்டியும் நடிக்க முடியுமா? எங்கள் பெரியப்பா நடித்தார்

"80 வயதுக்கு மேல் நடிகர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? ஓய்வெடுத்துக்கொண்டு இளைஞர்களுக்கு வழிவிடக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் வந்தேன். இரண்டாவது சுருக்கென்று தைத்துவிட்டது. உங்கள் வீட்டிலும் மேடையை விட மனமில்லாத பெரியவர் ஒருவர் இருப்பார், அவரை எப்படி உட்கார வைப்பது என்ற கவலையில் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் நகரி பக்கம். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ்தான். திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதக் கதை, ராத்திரி விடிய விடிய கூத்து. தமிழ் கேட்கிற ஊரில் தமிழில் ஆடுவோம், தெலுங்கு கேட்கிற ஊரில் தெலுங்கில். எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், நான் ஆர்மோனியம். பெரியப்பா பெண் வேஷக்காரர்.

வாலிபத்தில் அவர் திரௌபதி கட்டினார். துகில் உரியும் ராத்திரியில் அவர் பாடினால் பொம்பிளைகள் எழுந்து கும்பிடுவார்கள். கொஞ்ச காலம் போனதும் கர்ண மோட்சத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி. முட்டி பிடித்துக்கொண்டு கிறுக்கி என்கிற சுழல் ஆட்டம் சுற்ற முடியாமல் போனபோது, ஜமாவை நடத்துகிற கூத்து வாத்தியார் அவருக்குக் குந்தி வேஷத்தைக் கொடுத்தார். களத்தில் விழுந்து கிடக்கிற கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு குந்தி புலம்புகிற இடம். அடவு கிடையாது, உட்கார்ந்து பாடலாம். அந்த வேஷத்தை அவர் 83 வயது வரைக்கும் கட்டினார்.

எப்படி முடிந்தது என்கிறீர்களா? அவருக்குத் தெம்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூட ஆடுகிறவர்கள் அவருக்கென்று ஓர் இடத்தை வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முழுக் காரணம்.

குந்தி வருவது விடியப்போகிற நேரத்தில். அதுவரை அவர் வேஷம் கட்டுகிற கொட்டகைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் தூங்குவார். எழுப்பி, வெந்நீர் கொடுத்து, அரிதாரம் பூச உட்கார வைப்போம். பல் போய்விட்டது. பல்செட் போட்டால் பாட்டு தடைபடுகிறது என்று கழற்றிவிடுவார். சில எழுத்துகள் வாயில் சரியாக விழாது. அந்த எழுத்து வருகிற வரிகளில் எல்லாம் அர்த்தம் கெடாமல் வேறு சொல் போட்டு வைத்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகச் செய்தது. அதுவரை ஐந்து கட்டை சுருதியில் பாடிக்கொண்டிருந்த நாங்கள் அவர் திரைக்கு வந்ததும் மூன்றுக்கு இறங்கிவிடுவோம். மேலே எடுக்க வேண்டிய இடத்தைப் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

கர்ணன் கட்டுகிற பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் கிழவர் மடியில் குத்தும் என்று, விழுவதற்கு முன்பே அவற்றின் கயிற்றைத் தளர்த்திவிடுவான். தலையின் பாரத்தை அவர் மேல் விடமாட்டான். பக்கத்தில் ஒரு கையை ஊன்றி, கழுத்தைத் தாங்கியபடியே பாட்டு முடிகிறவரை செத்துக் கிடப்பான். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்குத் தெரியாது. பின்னால் பெஞ்சில் இருக்கிற எங்களுக்குத்தான் அந்தக் கை தெரியும்.

"கூத்தும் சினிமாவும் ஒன்றா?" என்று சிலர் கிளம்புவார்கள். ஒன்றில்லைதான், சினிமாவில் திரும்பத் திரும்ப எடுக்கலாம், கூத்தில் முடியாது. ஆனால் தெலுங்கு நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவைப் பாருங்கள். அவரும் நாடகத்தில் பெண் வேஷம் கட்டி வந்தவர்தான். 2013 அக்டோபரில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, தமக்குப் புற்றுநோய் என்று தாமே சொன்னார். மகனும் பேரனும் கூட நடித்த 'மனம்'தான் கடைசிப் படம். 2014 ஜனவரியில் போனார், மே மாதம் படம் வந்தது. சொந்தக் கம்பெனி, சொந்தப் பிள்ளைகள், அதனால் நடந்தது என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். இடம் வைத்திருக்க ஆள் இருந்தார்கள். சௌகார் ஜானகியம்மா 1950இல் முதல் படம் நடித்தவர், 2020இலும் 'பிஸ்கோத்'தில் நடித்தார். மலையாளப் படம் 'தேசாடன'த்தில் தாத்தாவாக வந்த உண்ணிகிருஷ்ணன் நம்பூதிரி சினிமாவுக்கு வந்ததே எழுபதைத் தாண்டி. இவர்கள் எந்த இளைஞனின் வாய்ப்பைப் பிடுங்கினார்கள்? பாட்டி வேஷத்துக்கும் தாத்தா வேஷத்துக்கும் இருபது வயதுப் பையனுக்கு நரைமுடி ஒட்ட வேண்டுமா?

வழிவிடுவது பற்றிப் பேசினீர்களே, எங்கள் பையன்களுக்கு வழியை அடைத்தது யார் என்று சொல்கிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். இப்போது வருகிற பையன்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுதத் தெரியாது. அந்தக் கர்ணன் பையனின் நோட்டை வாங்கிப் பாருங்கள், அத்தனை தமிழ் விருத்தமும் தெலுங்கு எழுத்தில் இருக்கும். தெலுங்கு எழுத்தில் எனக்குக் குறையில்லை, நானும் அதில் படித்தவன்தான். ஆனால் தெலுங்கில் ழகரம் கிடையாது, றகரத்தையும் இப்போது யாரும் எழுதுவதில்லை. பழைய ஏட்டைப் படிக்க முடியாதவனுக்குப் பாட்டு எங்கிருந்து வரும்? பெரியப்பா வாயிலிருந்துதான் வந்தது. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாக அவர் சொல்ல, இவன் எழுதிக்கொள்வான். அவரை ஐம்பதிலேயே உட்கார வைத்திருந்தால் இவனுக்குக் கர்ணனே கிடைத்திருக்காது.

கிழவரை ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வைத்துச் சம்பாதித்தோம் என்று யாரும் எழுத வேண்டாம். அவர் வருகிற நேரம் ஒரு மணிக்குள்தான், பங்கு மட்டும் முழுசாகக் கொடுத்தோம். கடைசி வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவரே கூத்து வாத்தியாரிடம், "இனி நான் கட்டவில்லையப்பா" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகும் திருவிழாவுக்கு வந்து பின்பாட்டு பெஞ்சில் உட்காருவார்.

ஆகவே உங்கள் பெரியவரிடம் ஓய்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரோடு ஆடுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். எந்த வேஷம் கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு அவர் வரவேண்டும், அதுவரை படுக்க இடம் உண்டா, முடிந்ததும் யார் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள் என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் அவரை விட்டுவிடுங்கள்.