கஷ்ட காலத்தில் கடவுளின் ஆறுதலை உணர்ந்திருக்கிறீர்களா? அதை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது?

உணர்ந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் இல்லை. எனக்கு அது விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒரு செம்புத் தேத்தண்ணியாக வந்தது.

நான் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். 2009இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் குளவி கொட்டியது. தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழும்பில் சொன்னால்தான் "குளவியா?" என்று கேட்பார்கள். மரத்திலோ பாறை இடுக்கிலோ கூடு இருக்கும். காற்றோ கழுகோ அதைக் கலைத்துவிட்டால், தலையில் கூடையோடு சரிவில் எங்கே ஓடுவது? அன்றைக்கு ஐந்து பேருக்குக் கொட்டியது. நாலு பேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார்கள்.

எழவு வீட்டுக்கு வந்த சபையார் நல்ல மனதோடுதான் பேசினார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." "அம்மா நல்ல எடத்துல இருக்காங்க, அழக்கூடாது." லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவே கண்ணீர் விட்டார், எனக்கு மட்டும் ஏன் தடை என்று உள்ளுக்குள் கோபம் வந்தது. பல மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதாகமத்தில் படிக்க முடிந்தது 88ஆம் சங்கீதம் மட்டும்தான். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும். இது அப்படி முடியாது, இருட்டிலேயே நின்றுவிடும். இப்படியும் ஒருவர் கடவுளிடம் பேசலாம் போலிருக்கிறது என்பது அப்போது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் எங்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தேத்தண்ணிச் செம்பையும் மூன்று ரொட்டியையும் வைப்பார். கதவைத் தட்டி, "ஆறிப்போயிரும், எந்திரிச்சுக் குடிங்க" என்பார். அவ்வளவுதான், போய்விடுவார். ஒரு நாளாவது உட்கார்ந்து புத்தி சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் இது நடந்தது. ரொட்டி மாவுக்கு அவரிடமும் காசு இருந்திருக்காது; சம்பள நாளில் எங்கள் வீட்டைப் போலத்தான் அவர் வீட்டிலும் கடைக்கணக்கு கழித்தது போக மிஞ்சுவது கொஞ்சம்.

பெரியம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். இதைச் சாட்சியாகச் சபையில் சொன்னபோது ஒருவர், "அது மனுஷ உதவி, தேவ ஆறுதல் வேற" என்று திருத்தினார். எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் காகத்தின் வாயில் கொடுத்தனுப்பிய கடவுளுக்கு எங்கள் பெரியம்மா கையில் ரொட்டி கொடுத்தனுப்பத் தெரியாதா?

பிற்பாடு 2 கொரிந்தியரை நிதானமாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மக்கெதோனியாவில் பவுல் "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும்" என்று தவித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வசனத்தில், சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் "தீத்து வந்ததினாலே" தனக்கு ஆறுதல்செய்தார் என்கிறார். தரிசனமோ வானத்துச் சத்தமோ இல்லை, ஒரு கூட்டாளி வந்து சேர்ந்தார். அதைத்தான் பவுல் கடவுள் செய்த ஆறுதல் என்று எழுதி வைத்திருக்கிறார். அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், எந்த உபத்திரவத்தில் அகப்பட்டவர்களுக்கும் "ஆறுதல்செய்யத் திராணியுள்ளவர்களாகும்படி" தேவன் முதலில் எங்களுக்கு ஆறுதல் செய்கிறார் என்று இருக்கிறது. திராணி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். கூடை தூக்குகிறவருக்குத் தோளில் வருகிற பலம் மாதிரி அது, சுமந்து சுமந்துதான் வரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் நான் முதலில் தோற்றவள்.

2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு கிழமை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் மலை சரிந்து லயங்களை மண்ணோடு கொண்டுபோனது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களில் சிலருக்கு வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. எங்கள் சபை வாலிபர்கள் அரிசி, பருப்பு, உடுப்பு மூட்டைகளோடு பெரகலை வழியாக முகாமுக்குப் போனோம். அங்கே புருஷனைப் பறிகொடுத்த ஒரு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோமர் 8:28ஐச் சொன்னேன், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று. அவர் கையை இழுத்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு இதுல என்னம்மா நன்மை?" என்றார்.

எழவு வீட்டில் எனக்குச் சொன்னதையே நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் எந்த இடத்தில்? அங்கே மண் சரியும் ஆபத்து இருக்கிறது என்று பல வருடம் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. போக வேறு இடம்தான் கொடுபடவில்லை. அதைத் தேவ சித்தம் என்று நாம் மூடிவிட்டால் பொறுப்பாளிகளுக்கு நல்ல வசதி. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் யோபு அவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றார். யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவருக்கும் இதே தேற்றரவாளன் என்ற பெயர்தான். தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் வந்து விழுந்திருப்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தும்.

அடுத்த சனிக்கிழமை மூட்டை எதுவும் இல்லாமல் தனியாகப் பஸ் ஏறினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளுக்குத் தலை பின்னிவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த சனியும் போனேன். அப்போதுதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது: ஃபோம் (விண்ணப்பப் படிவம்) நிரப்புவது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வீட்டோடு மண்ணுக்குள். பலருடைய உடலே கிடைக்காததால் மரணச் சான்றிதழுக்கும் அலைச்சல். அரசாங்கக் கந்தோரில் கொடுக்கும் பத்திரங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். எனக்குச் சிங்களம் எழுத வரும். ஒரு பேனையும் நீலக் கடதாசிக் கோவையும் வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் அங்கே உட்கார ஆரம்பித்தேன். புது வீடு கைக்கு வர அவர்களுக்கு இரண்டு வருடம் எடுத்தது. அதுவரை ஃபோமுக்குப் பஞ்சமில்லை.

உங்களுக்கு உபயோகப்படும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: போகும்போது கையில் ஒரு வேலையோடு போங்கள், ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். ஜெபிக்கவா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து ஜெபித்துக்கொள்ளலாம். ஆறுதல் என்ற சொல்லே ஆறுவதிலிருந்து வந்ததுதானே. கொதித்த தேத்தண்ணிக்கே நேரம் வேண்டியிருக்கிறது.

நாலாவதோ ஐந்தாவதோ சனிக்கிழமை. அக்காவின் புருஷன் பெயரை ஃபோமில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்:

"ஒங்கம்மா செத்தப்ப, ஒனக்கு எப்ப தூக்கம் வந்துச்சு?"

குளவி கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"நாப்பது அம்பது நாளாச்சுக்கா. மொதல்ல பகல்லதான் வந்துச்சு."

"பகல்லயா?"

"ஆமாக்கா. ராத்திரி வர இன்னும் நாளாகும்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தார். மகள் மடியில் கிடந்தாள். கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, எழுப்பாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.