இலங்கை மலையகத்தில் இயங்கும் சிறிய நிறுவனம் கிளவுட் நேட்டிவ் முறைக்கு (மென்பொருளை இணையவழி வாடகைச் சர்வர்களுக்கென்றே அமைக்கும் முறை) மாற, குபர்னெட்டிஸிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். நாலைந்து பேர் கொண்ட குழு என்றால் அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நான் ஹட்டனில் இருந்துகொண்டு தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுவை, செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவேடு) மென்பொருள் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

குபர்னெட்டிஸ் என்பது பல இயந்திரங்களில் ஓடும் செயலிகளைத் தானாக நிர்வகிக்கும் மென்பொருள். அதை 2014இல் வெளியிட்டது கூகுள். ஆயிரக்கணக்கான இயந்திரங்களை ஒன்றாக மேய்த்துப் பழகியவர்களின் கைவேலை அது. உங்கள் பிரச்சினை அநேகமாக வேறு: அலுவலக மூலையில் ஒரு சர்வர், அதை அமைத்தவர் இப்போது கட்டாரில், உள்ளே என்ன ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் போனபோது அப்படிப்பட்ட சர்வர்கள் என்ன பாடுபட்டன என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

முதலில் செயலியை டொக்கர் கொள்கலனுக்குள் கொண்டுவாருங்கள், அதாவது அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பொதியாகக் கட்டுங்கள். கடவுச்சொல், டேட்டாபேஸ் முகவரி எதுவும் நிரலுக்குள் இருக்கக் கூடாது. டேட்டாபேஸை கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவையில் வையுங்கள். அப்புறம், கிட்டில் (நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் சேமிக்கும் கருவி) ஏற்றிய மாற்றம் சோதனையைத் தாண்டித் தானாகவே சர்வருக்குப் போகிற வழியை அமையுங்கள். எங்களுக்குப் பெரிய நிம்மதி இதில்தான் கிடைத்தது. முன்பெல்லாம் 10ஆம் திகதி சம்பளம் நெருங்கினால் நிரலில் கைவைக்கப் பயப்படுவோம். இப்போது பிழை வந்தால் முந்திய பதிப்பை ஏற்றிவிடலாம். ஆனால் ஒன்று, டேட்டாபேஸ் அட்டவணை அப்படித் திரும்பாது. அட்டவணையில் புதிய நெடுவரிசையைச் சேருங்கள், பழையதை உடனே அழிக்காதீர்கள்.

சரி, இனி நம் ஊருக்கே உரிய விஷயம். பாடப்புத்தக கிளவுட் நேட்டிவ், இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. பின்னேரம் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) வந்து பாருங்கள். மழை, வரிசை, தராசில் சாக்கு, கணக்கப்பிள்ளை கையில் டேப்லட், சிக்னல் பூச்சியம். சர்வர் பதில் சொல்லும்வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை. அதனால் நிறுவை முதலில் டேப்லட்டிலேயே பதிவாக வேண்டும். லொறி டவுன் பக்கம் இறங்கும்போதோ, இரவு அலுவலக வைஃபையிலோ மேலே போகட்டும்.

இங்கே ஒரு சிக்கல். டேப்லட் அனுப்பிய பதிவு சர்வருக்குப் போய்விடும். "கிடைத்தது" என்ற பதில் மட்டும் வழியில் அறுந்துவிடும். டேப்லட் திரும்ப அனுப்பும், ஒரே கொழுந்து இரண்டு தடவை ஏறும். ஒவ்வொரு நிறுவைக்கும் டேப்லட்டே ஒரு தனி அடையாள எண் போட்டுவிட வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். நிறுவை எடுத்த நேரத்தையும் அது சர்வருக்கு வந்த நேரத்தையும் தனித்தனியே வையுங்கள், டேப்லட் கடிகாரத்தை நம்ப முடியாது. சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்த கிலோவைத் தனி நெடுவரிசையில் போடுங்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) என்கிற இடத்தில், "என் கொழுந்து எங்கே ஐயா?" என்று ஓர் அக்கா கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டுமே.

செலவு டொலரில் வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, ஒரு சர்வர்கூடக் கூட்டாதவர்களுக்கும் பில் முக்கால் மடங்கு ஏறியது. அமேசானின் குபர்னெட்டிஸ் சேவையில் எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் மணிக்கு 10 அமெரிக்கச் சதம், அதாவது மாதம் 73 டொலர் அளவில்; உங்கள் செயலி எதுவும் ஓடாமலேயே. பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிராந்தியமாக (கிளவுட் சர்வர்கள் இருக்கும் இடம்) மும்பையையோ சிங்கப்பூரையோ எடுக்கலாம். இரண்டும் இங்கிருந்து போதிய வேகம்.

சேவைகள் பத்துப் பதினைந்தாகி, தனித்தனிக் குழுக்கள் அவற்றைப் பார்க்கும் நிலை வந்தால் குபர்னெட்டிஸை யோசியுங்கள். செயலி ஏற்கெனவே கொள்கலனில் இருந்தால் அந்த மாற்றம் அவ்வளவு பெரிய வேலை இல்லை.