அலைக்கற்றைக்குப் பரிசுப் போட்டியா?

கேள்வி: அலைக்கற்றையைச் சிக்கனமாகப் பயன்படுத்த அமெரிக்க அரசு பரிசுப் போட்டி நடத்தியதாமே? அதில் வெல்வது எப்படி?

பதில்: ஆமாம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தார்பா என்ற ஆய்வு அமைப்பு நடத்தியது. இறுதிச் சுற்று 2019 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலஸில். பல அணிகளின் ரேடியோக்கள் (கம்பியில்லாமல் தரவு அனுப்பும் கருவிகள்) ஒரே அலைவரிசைப் பட்டையில் இயங்க வேண்டும். முன்கூட்டிய ஒதுக்கீடு கிடையாது. அழகே மதிப்பெண் விதியில்தான்: ஓர் அணியின் மதிப்பெண் குறித்த வரம்புக்குக் கீழே சரிந்தால், அதன் குறைந்த மதிப்பெண்தான் எல்லோருக்கும். பட்டையை வளைத்துப்போட்டவர் தன் மதிப்பெண்ணையே இழப்பார். ஆகவே யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள், தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பதை ரேடியோக்கள் தனித் தடத்தில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே, நெரிசல் கண்டதும் ஒதுங்கிக்கொள்ளும். முதல் பரிசு 20 லட்சம் டாலர், ஃபுளோரிடா பல்கலைக்கழக அணிக்கு.