ஃபுளூயிட் ஃபிலிம் பேரிங்கின் அதிர்வுச் சோதனையில் எதை அளக்கிறார்கள்? காலேஜ் லேபில் இருக்கும் கருவி போதாதா?

போதாது. சுழலும் ஷாஃப்ட்டை மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் தாங்குவதுதான் இந்த பேரிங். நீங்கள் சொல்லும் கருவியை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து லேப்களிலும் பார்க்கலாம். பேரிங்கைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும்; ஷாஃப்ட் சுற்றும்போது எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறும். 1883 வாக்கில் ஆங்கிலேயப் பொறியாளர் பியூசாம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்கில் போட்ட துளையை அடைத்து வைக்க, அந்த அடைப்பை எண்ணெயே வெளியே தள்ளியது. அந்தச் சோதனையின் வாரிசுதான் இது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கும் எழுதிவிட்டார். படலம் பாரத்தை எப்படித் தாங்குகிறது என்பது இதில் தெரியும். ஷாஃப்ட் ஆடினால் படலம் என்ன செய்யும் என்பது தெரியாது.

அதற்கு ஆட்டித்தான் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி ரிக்குகளில், அதாவது சோதனை அமைப்புகளில், பெரும்பாலும் ஷாஃப்ட்டை இரண்டு பக்கமும் பால் பேரிங்கில் இறுக்கிவிட்டு, சோதிக்கும் பேரிங்கை நடுவில் மிதக்க விடுவார்கள். அதை ஒரு பக்கமாக இழுத்துப் பாரம் கொடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் ஷேக்கர் என்னும் ஆட்டும் கருவியால் தள்ளுவார்கள். கொடுத்த விசை, இடைவெளி மாறிய அளவு, பேரிங்கின் முடுக்கம் மூன்றையும் சேர்த்தால் நாலு விறைப்பு எண்ணும் (படலம் நகர்வை எவ்வளவு எதிர்க்கிறது) நாலு தணிப்பு எண்ணும் (ஆட்டத்தை எவ்வளவு அடக்குகிறது) கிடைக்கும்.

இரண்டு திசைக்கு எதற்கு நாலு என்றால், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஷாஃப்ட்டைக் கீழே அழுத்தினால் அது கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் நழுவும். இந்தக் குறுக்கு விறைப்பு தணிப்பை மிஞ்சினால் ஷாஃப்ட் தானாகவே வட்டமடிக்கத் தொடங்கும். இதை ஆயில் வேர்ல் என்பார்கள். சுழல் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் 42 முதல் 48 சதவீதத்தில் வரும். கூடங்குளத்து டர்பைன் மாதிரி நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ் என்றால், 21 முதல் 24 ஹெர்ட்ஸுக்குள் தேட வேண்டும். மொத்த அதிர்வை ஒரே எண்ணாகக் காட்டும் கை மீட்டரை வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆலையில், சிறிய நீராவி டர்பைனுக்குத் திரும்பத் திரும்ப பேலன்ஸ் (சுழலும் பாகத்தின் எடைச் சமநிலை) பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த வயதான ஃபிட்டர்தான் என்னிடம், "சார், எண்ணெய் சூடேறுனா ஆட்டம் அடங்குது, கவனிச்சியளா?" என்றார். என்னைக் கேட்டால் அதுவே முழுச் சோதனை! எண்ணெய் இளகினால் ஷாஃப்ட் பேரிங்கின் மையத்தை விட்டு இன்னும் விலகி உட்காரும், வட்டம் அடங்கும். பேலன்ஸ் கோளாறாக இருந்தால் சுழல் வேகத்திலேயே அதிர்வு நிற்கும். அலைவரிசையைப் பிரித்துப் பார்த்தோம், பாதிக்குக் கீழேதான் நின்றது.

காலேஜில் ரிக் கட்டுவதாக இருந்தால் முதலில் 90 டிகிரி இடைவெளியில் இரண்டு எடி கரன்ட் புரோப் (ஷாஃப்ட்டைத் தொடாமலே இடைவெளியை அளக்கும் உணரி) வாங்குங்கள், ஷேக்கர் அப்புறம் பார்க்கலாம். படலத்தின் தடிமன் சில பத்து மைக்ரான்தான், தலைமுடியை விடக் குறைவு. அதனால் ஷாஃப்ட்டில் உள்ள கீறலையும் காந்தத்தையும்கூட புரோப் அதிர்வு என்று காட்டும். மெதுவாகச் சுற்றவிட்டு அதைப் பதிவு செய்து, பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துவிடுங்கள். வெப்பநிலையை எண்ணெய் வெளியேறும் குழாயில் மட்டும் பார்க்காமல், படலம் மெலிந்திருக்கும் இடத்தில் பேரிங்கின் உட்பரப்பில் உள்ள வெள்ளை உலோகத்துக்கு அடியிலும் ஒரு தெர்மோகப்பிள் வையுங்கள்.